துவிச்சக்கரவண்டித் தைனமோவும் வானொலியும்

மின்னாக்கம் என்றவுடன் எம்மவர் மனக்கண்முன் தோன்றுவது மலைநாட்டு இலக்சபானா. 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்திலே, உயரத்தினின்று குழாய்வழி வீழும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் காந்தத்தைச் சுழற்ற, காந்தத்தைச் சூழ்ந்த செப்புச் சுருள்களிலே மின் பிறக்கின்றது. அத்தத்துவம் சிறிதும் மாறாமல், துவிச்சக்கரவண்டியின் முன்கவையைப் பற்றிக்கொண்டு நிற்கும் கைக்கடக்கமான பொறியொன்றினுள்ளும் அடங்கிக் கிடக்கின்றது. தைனமோ என நாம் வழங்கும் அப்பொறியை, வண்டிக்கு விளக்கேற்றும் துணைக்கருவியாகவே உலகம் அறியும். யாழ்ப்பாணத்தவர் அதனை வேறு விதமாகவும் அறிவர். அவ்வறிவு யாது என்பதையும், அதற்கு அடிப்படையாய் அமைந்த பௌதிகம் யாது என்பதையும் ஒருங்கே கூற முற்படுவது இக்கட்டுரை.

கருவிகளின்பாற் பித்துக்கொண்டாரை ஆங்கிலத்திலே 'கீக்' என்பர். இன்று அது பெருமையோடு சூடிக்கொள்ளும் பெயர். முற்காலத்திலோ அமெரிக்கச் சந்தைக் கொட்டகைகளிலே உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவனைக் குறித்த இழிசொல். சொல்லாராய்ச்சியாளருக்கு இது நல்விருந்தாகும். நிற்க. இக்காலத்துக் கருவிப் பித்தரிற் பலர், புதிய கைப்பேசி வெளிவந்த அன்றே அதனை வாங்கிவிடுதலைத் தம் பித்துக்குச் சான்றாகக் காட்டுவர். அதனை யான் குறைகூறேன். ஆயினும் கருவியைத் திறந்து பார்த்தவனுக்கும் திறவாதவனுக்கும் உள்ள வேற்றுமை, கருவிக்கு வேண்டுவன கிடையாத காலத்திலேதான் புலப்படும். அத்தகைய காலமொன்றை நம்மவர் கண்டனர்.

முதலில் தத்துவத்தை நோக்குவோம். இலண்டன் அரச நிறுவனத்திலே பணியாற்றிய மைக்கேல் பரடே என்பார், கொல்லரொருவரின் மகனாய்ப் பிறந்து, நூல் கட்டுவோரிடம் தொழில் பயின்று, பின்னர் விஞ்ஞானியானவர். 1831ஆம் ஆண்டிலே அவர் கம்பிச் சுருளொன்றினுள் சட்டக்காந்தமொன்றைச் செலுத்திப் பார்த்தார். காந்தம் அசையாது கிடந்தபோது கல்வனோமானியின் முள்ளும் அசையவில்லை. உட்செல்லும்போது ஒரு பக்கமும், வெளியே இழுக்கும்போது மறுபக்கமும் முள் விலகிற்று. காந்தம் இருத்தல் போதாது. அது சுருளைப் பொறுத்து அசைதல் வேண்டும். அசைவு விரைந்தால் மின்னியக்கவிசையும் அதற்கேற்ப மிகும். மின்காந்தத் தூண்டல் என நாம் படிப்பது இதுவே. இதனைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தவர் பலர். கைப்பட உணர்ந்தவர் சிலர். இரவிலே தைனமோவை ரயரோடு சாய்த்தவுடன் பெடல் கனப்பதை உணர்ந்த சிறுவனும், உழைப்பின்றி மின் பிறவாது என்னும் சத்திக்காப்பு விதியைத் தன் காலாற் கற்றவனே.

தைனமோவின் தலையிலுள்ள சிறு உருளை ரயரின் பக்கச்சுவரோடு உராய்ந்து சுழலும். உருளையின் தண்டிலே நிலைக்காந்தமொன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனைச் சூழ்ந்த மெல்லிரும்புத் தகடுகள் காந்தப்பாயத்தை ஏந்திச் சுருளினூடு செலுத்தும். சுழல்வது காந்தம், சுருள் நிலையாக இருக்கும். ஆதலின் தேய்ந்து போகும் தூரிகைகள் இதற்கு வேண்டியதில்லை. பிறப்பது ஆடலோட்டமாதலால், இதனைத் தைனமோ என்பதினும் ஆடலோட்டப் பிறப்பாக்கி என்பதே பொருந்தும். எனினும் வழக்கை யார் மாற்றவல்லார்?

மாணவர் பொருட்டுச் சிறு கணக்கொன்று. வண்டி மணித்தியாலத்துக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது எனக் கொள்க. அஃதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 417 சென்ரிமீற்றர். உருளையின் விட்டம் 2 சென்ரிமீற்றராயின் அதன் பரிதி 6.28 சென்ரிமீற்றர். ஆகவே உருளை செக்கனுக்கு 66 முறை சுழலும். காந்தத்தில் நான்கு சோடி முனைகள் இருப்பின் ஓட்டத்தின் மீடிறன் ஏறக்குறைய 265 ஆகும். வீட்டு மின்னின் மீடிறன் 50 மாத்திரமே. இந்த 265 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் அது நமக்கு உதவும்.

தைனமோவின் உடலிலே 6 உவோற்று, 3 உவாற்று எனப் பொறித்திருப்பர். ஓட்டம் அரை அம்பியர். இதில் 2.4 உவாற்று முன்விளக்குக்கும் 0.6 உவாற்றுப் பின்விளக்குக்கும் உரியவை. இங்கே கூர்மையான மாணவனொருவன் வினாவொன்றை எழுப்பக்கூடும்: வேகம் இருமடங்கானால் மின்னியக்கவிசையும் இருமடங்காகுமே, இறக்கத்தில் விரையும்போது விளக்கு எரிந்து போகாதா? போகாது. காரணம் நயமானது. வேகம் மிகுங்கால் மின்னியக்கவிசை மிகுவது போலவே மீடிறனும் மிகும். மீடிறன் மிக மிக, சுருளின் தற்றூண்டலால் எழும் தடையும் அதே விகிதத்தில் மிகும். தள்ளும் விசையும் தடுக்கும் தடையும் சேர்ந்து வளர்வதால், ஓட்டம் அரை அம்பியரை அண்மித்ததும் அதற்குமேல் அதிகம் ஏறாது. தனியாகக் கட்டுப்படுத்தும் உறுப்பு எதுவுமின்றித் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் பொறி இது. ஆயினும் இவ்வடக்கம் விளக்கு இணைந்திருக்கும்வரைதான். விளக்கைக் கழற்றிவிட்டாற் சுருளில் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லையெனில் அத்தடையினாற் பயனும் இல்லை. உவோற்றளவு ஆறைக் கடந்து பல மடங்கு உயர்ந்துவிடும். இதனை அறியாமையால் யான் பட்டதைப் பின்னர்க் கூறுவேன்.

மேலும் ஒரு நுட்பம். தைனமோவிலிருந்து விளக்குக்குச் செல்வது ஒரே கம்பி. மற்றைய கம்பி எங்கே? வண்டியின் இரும்புச் சட்டமே அது. தைனமோவைக் கவையோடு இறுக்கும் பட்டியிலே கூரிய முனையுள்ள திருகாணியொன்று உண்டு. அது வண்டியின் நிறப்பூச்சைத் துளைத்து இரும்பைத் தொட்டால் மாத்திரமே சுற்று நிறைவுறும். புதிதாய் நிறம் பூசிய வண்டியில் விளக்கு எரியாமைக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. நல்ல தைனமோக்கள் பல இவ்வற்பக் காரணத்தால் பழுதெனக் கழித்தெறியப்பட்டிருத்தல் கூடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இலக்சபானாவின் மின் வருதல் நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்த நாள்வரை, ஐந்தாண்டுகளுக்கு மேலாக அந்நிலை நீடித்தது. எரிபொருளோடு உலர் மின்கலங்களும் வடக்கே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. கோப்பாயிலோ கொக்குவிலிலோ ஒரு வீட்டில் நல்ல வானொலிப் பெட்டி இருக்கலாம். அதற்கு ஊட்டுதற்கு மின் இல்லை. ஆயினும் அந்நாள்களிலே செய்தி உணவுக்கு அடுத்த தேவையாயிருந்தது. பி.பி.சி. தமிழோசை என்ன கூறுகின்றது, வெரித்தாஸ் என்ன கூறுகின்றது என்பதைக் கேட்டே மறுநாளை வகுத்துக்கொண்டோர் பலர்.

இந்நிலையிலேதான் தைனமோவின்மீது இளைஞரின் பார்வை வீழ்ந்தது. இதனை முதன்முதற் செய்தவர் இன்னாரென ஒருவரைச் சுட்டுதல் இயலாது. ஊர்தோறும் ஒருவன் கண்டான், பத்துப்பேர் பார்த்துச் செய்தனர் என்றே கொள்ளல் வேண்டும். முன்கவையிலிருந்த தைனமோ கழற்றப்பட்டுப் பின்கவையிற் பொருத்தப்பட்டது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றினோர் ஒரு சாரார். நிறுத்துகாலில் ஏற்றிப் பின்சக்கரம் நிலந்தொடாதவாறு வைத்து, இருக்கையில் அமர்ந்தே மிதித்தோர் மற்றொரு சாரார். பற்சக்கரங்களின் விகிதம் இரண்டரை மடங்கு எனக் கொண்டால், நிமிடத்துக்கு நாற்பத்தைந்து ஐம்பது முறை பெடலைச் சுழற்றினாற் போதும். முற்கூறிய 15 கிலோமீற்றர் வேகம் கிட்டிவிடும். ஒருவன் களைப்பின்றி மிதிக்கும்போது எழுபது உவாற்றளவு வலுவை எளிதில் தருவான். தைனமோ உராய்விற் பெரும்பகுதியை இழந்தாலும் அதற்கு வேண்டுவது பத்து உவாற்றளவே. சிறிய வானொலிக்கு வேண்டுவதோ அரை உவாற்றும் அன்று. ஆகவே வலுவிலே குறைவில்லை. இடர் முழுவதும் மின்னின் தன்மையிலே இருந்தது.

நான்கு மின்கலங்களால் இயங்கும் வானொலிக்கு 6 உவோற்று நேரோட்டம் வேண்டும். தைனமோ தருவதோ ஆடலோட்டம். ஒருதிசையில் மாத்திரம் ஓட்டத்தை விடும் இருவாயி என்னும் உறுப்பே இங்கு வாயிற்காவலன். ஒரு இருவாயியால் அலையின் ஒரு பாதியையே பெறலாம்; நான்கைப் பாலம்போல் இணைத்தால் இரு பாதிகளும் ஒரே திசைக்குத் திருப்பப்படும். சிலிக்கன் இருவாயி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 உவோற்றைத் தனக்குக் கூலியாக எடுத்துக்கொள்ளும். பாலத்திலே எப்போதும் இரண்டு இருவாயிகளினூடு ஓட்டம் செல்வதால் இழப்பு 1.4 உவோற்று. தைனமோவின் 6 உவோற்று என்பது இடைவர்க்கமூலப் பெறுமானம். உச்சம் ஏறத்தாழ 8.5. அதிலிருந்து கூலியைக் கழித்தால் எஞ்சுவது 7.1. வானொலிக்கு இது போதுமானது. சிறிது மிகையெனினும் தாங்கும்.

இருவாயிகள் எங்கிருந்து வந்தன? எங்கள் ஒழுங்கையிலே, மின்னின்றி உறங்கிக் கிடந்த தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து வந்தன. பெட்டியின் சொந்தக்காரர் முதலில் மறுப்பார்; மாலைச் செய்தியை அவர் வீட்டு விறாந்தையில் வைத்தே கேட்பது என்னும் உடன்படிக்கையின்பேரில் இணங்குவார். பற்றாசுக்கோலுக்கும் மின் இல்லையாதலால், செப்புக்கோலொன்றைத் தணலிற் காய்ச்சிப் பற்றாசு வைத்தோம்.

பாலத்தின்பின் வரும் ஓட்டம் ஒரே திசையினதாயினும் துடிப்புடையது. அதனை அப்படியே ஊட்டினால் வானொலி வண்டுபோல் இரையும். துடிப்பை நிரப்புவதற்கு 1000 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியொன்றை இணைத்தல் வேண்டும். பரட்டு என்னும் அலகும் முற்கூறிய பரடேயின் பெயரால் அமைந்ததே. இங்கேதான் அந்த 265 பயன்தருகின்றது. முழு அலையும் சீராக்கப்படுவதாற் செக்கனுக்கு 530 துடிப்புகள். வானொலி 0.05 அம்பியர் எடுப்பின், ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே உவோற்றளவு பத்திலொரு பங்கே தாழும். வீட்டு மின்னாயின் இத்தாழ்வு அரை உவோற்றாகும். மீடிறன் உயர்ந்திருந்தமை இவ்வகையில் எமக்கு வாய்த்த நற்பேறு. ஆனால் கொள்ளளவி மின்கலம் அன்று. மிதித்தல் நின்றால் அது வானொலியைப் பத்திலொரு செக்கனுக்கு மேல் தாங்காது. பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று வைத்திருந்தோர் அதனை இடையே இணைத்து இக்குறையைத் தீர்த்தனர். அத்தகைய செல்வர் எங்கள் அயலில் இருவரே.

யான் செய்த பிழையைக் கூறுவதாகச் சொன்னேன். 1992ஆம் ஆண்டிலே, அம்மானின் வானொலிக்கு இவ்வமைப்பைச் செய்தேன். முன்விளக்கு இணைந்தபடியே இருந்தது. செய்தி தெளிவாகக் கேட்டது. பின்னர் எனக்கோர் எண்ணம் தோன்றிற்று. விளக்கு வீணே 2.4 உவாற்றை உண்கின்றதே. அதனைக் கழற்றிவிட்டால் அவ்வளவும் வானொலிக்குச் சேருமன்றோ? கழற்றினேன். மிதிப்பதும் எளிதாயிற்று, மகிழ்ந்து விரைவாக மிதித்தேன். சில கணங்கள் குரல் ஓங்கி ஒலித்தது. அடுத்து ஒரு வெடிப்பொலி, அதன்பின் எரிந்த நாற்றம், அதன்பின் அமைதி.

அம்மான் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவருடைய மூத்த மகன் அப்போது கொழும்பில் இருந்தான். கடிதம் வந்துசேரப் பல வாரங்கள் செல்லும். அங்கே யாது நிகழ்கின்றது என்பதை அறிய அவருக்கிருந்த வழி அப்பெட்டி ஒன்றே. அடுத்த மூன்று வாரங்களும் அவர் ஒவ்வொரு மாலையும் பிறர் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு சென்று, விறாந்தையின் ஓரத்திலே நின்று செய்தி கேட்டுவந்தார்.

அயலிலே வானொலி திருத்தும் அண்ணையொருவர் இருந்தார். அவர் பெட்டியைத் திறந்து, வெடித்த கொள்ளளவியையும் கருகிய திரான்சிற்றரையும் காட்டினார். "தம்பி, விளக்கு உனக்கு வெளிச்சம் தருவதற்கு மாத்திரமில்லை; பெட்டிக்குக் காவலும் அதுதான்" என்றார். விளக்கு அரை அம்பியரில் மிகுபங்கை இழுத்துக்கொள்வதனாலேயே உவோற்றளவு ஆறில் நிற்கின்றது. அது போனபின் வானொலியின் சிறு ஓட்டம் தைனமோவை அடக்க மாட்டாது. பரடேயின் விதியை யான் வகுப்பிலே படித்து எழுபத்தைந்து புள்ளி வாங்கியிருந்தேன். அவர் எந்த வகுப்பிற் படித்தாரென யான் கேட்டதில்லை. சேனர் இருவாயியொன்றைக் குறுக்கே இணைத்தாலும் இக்காவல் கிட்டும் என்பதையும், பாலத்தின் வெளியீட்டு முனைகள் இரண்டும் வண்டிச் சட்டத்தைத் தொடலாகாது, தொட்டால் ஒரு இருவாயி குறுக்குச்சுற்றாகிப் பாழாகும் என்பதையும் அவரே எனக்குக் கற்பித்தார்.

இருவாயியின் மூதாதை நம் பக்கத்து நாட்டிலே உருவானது என்பதையும் இங்கே குறித்தல் தகும். கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போசு, கலீனா என்னும் ஈயக் கனிமப் பளிங்கினால் மின்காந்த அலைகளை உணரும் கருவியமைத்து, 1904ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்த பளிங்கு வானொலிகள் மின்கலமின்றியே இயங்கின. 1944இல் இத்தாலியின் அன்சியோப் போர்முனையிலே, படைவீரர் சவர அலகையும் பென்சிற் கரியையும் கொண்டே அவ்வகை வானொலிகளைச் செய்துகொண்டனர். ஆனால் அவற்றால் அண்மையிலுள்ள வலிய நிலையத்தையே கேட்கலாம். கடல் கடந்து சிற்றலையில் வரும் தமிழோசைக்குத் திரான்சிற்றரும் அதற்கு ஊட்டும் மின்னும் வேண்டியிருந்தன.

இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. ஏறத்தாழ அதே காலத்திலே, இங்கிலாந்திலே திரெவர் பெயிலிஸ் என்பார், மின்கலம் வாங்க இயலாத ஆபிரிக்க மக்களுக்கு நோய்த்தடுப்பு அறிவுரை சென்றடைதல் வேண்டும் என எண்ணி, வில்லை முறுக்கி இயக்கும் வானொலியை அமைத்தார். 1994ஆம் ஆண்டில் அது பி.பி.சி. தொலைக்காட்சியிலே காட்டப்பெற்றது, பின்னர்த் தென்னாபிரிக்காவின் கேப்ரவுணிலே தொழிற்சாலை எழுந்தது, 1997இல் அரச விருதும் கிடைத்தது. அவர் 2018ஆம் ஆண்டில் மறைந்தார். அவருக்குரிய புகழ் முற்றும் தகும். கைவலுவால் வானொலி இயக்கும் அதே வேலையை அதே ஆண்டுகளிலே எங்கள் ஒழுங்கைகளிற் செய்தோருக்கோ ஒரு வரைபடமும் எஞ்சவில்லை. கொப்பிகள் இடப்பெயர்விலே அழிந்தன. செய்தவர்கள் பல நாடுகளிற் சிதறினர். அவர்களிற் பலர் இம்மலரை வாசிப்பர் என்பதனாலேயே இதனை இங்கு எழுதுகின்றேன். தாம் செய்த அமைப்பை ஒரு தாளில் வரைந்து, எந்த உறுப்பை எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் குறித்து, கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாராயின், இன்றைய மாணவர் அதனைச் செய்துபார்ப்பர்.

செய்துபார்த்தல் இன்றும் வீணன்று. தற்காலத்து வண்டிகளிலே சக்கரத்தின் குடத்துள்ளேயே அமைந்த தைனமோக்கள் வந்துவிட்டன. உராய்வும் வழுக்கலும் மிகக் குறைவு. ஆனால் அவற்றிற் பொறித்திருப்பதும் அதே 6 உவோற்று, 3 உவாற்று. கைப்பேசிக்கு 5 உவோற்றில் அரை அம்பியர் ஊட்டினால் 2.5 உவாற்று, ஆகவே மெதுவாகவேனும் மின்னேற்றலாம். மேலே கூறிய பாலத்தோடும் கொள்ளளவியோடும், உவோற்றளவை ஐந்தில் நிறுத்தும் சீர்ப்படுத்தியொன்றைச் சேர்த்தாற் போதும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே, எரிபொருட் பஞ்சத்தால் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின் தடைப்பட்டபோது, கைப்பேசி உயிரிழந்துவிட்டதே எனக் கலங்கியோரை யான் கண்டேன். அவர்களிற் சிலர் வீட்டுக் கொட்டிலிலே, தைனமோ பூட்டிய வண்டி தூசிபடிந்து நின்றது. ஐரோப்பிய ஒன்றியம், 2027 பெப்ரவரி முதல் கைக்கருவிகளின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றத்தக்கதாய் அமைத்தல் வேண்டுமென 2023இல் விதி செய்துள்ளது. பசையிட்டு மூடிய பெட்டிகளைச் சட்டமாவது திறக்குமாயின் நன்றே.

அம்மானின் வானொலி மூன்று வாரங்களின்பின் திருந்திற்று. விளக்கையும் மீண்டும் பூட்டினேன். அதன் வெளிச்சத்திலே அம்மானும் அயலவரும் சூழ்ந்திருக்க, மிதிப்பது என் முறையாயிற்று. செய்தி முக்கியமாகும் தறுவாயில், கேட்கும் ஆவலாற் காதைச் சாய்ப்பேன், கால் தளரும், விளக்கு மங்கும், குரலும் உடனே தாழ்ந்துவிடும். "மிதி, தம்பி, மிதி" என்று எல்லோரும் ஒருங்கே கூவுவர். அந்த ஐந்தாண்டுகளின் பெருஞ்செய்திகள் பலவற்றின் நடுச்சொற்கள் எனக்கு இன்றுவரை தெரியா.